முன்கையில் ஒரு வழுக்கை

பேருந்தில் டிக்கெட்டை நீட்டிய கையில்தான் அவர் அதைப் பார்த்தார். சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்த ஆள். கை முழுக்கக் காடாக ரோமம். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு மட்டும் வழுக்கை. அதில் இப்போதுதான் குத்துக் குத்தாக முளைத்துக்கொண்டிருந்தது. காயம் இல்லை, தழும்பு இல்லை. யாரோ பொறுமையாக மழித்த இடம். டிக்கெட் ஒழுங்காக இருந்தது. அதற்கு மேல் அந்த ஆளை நிறுத்திவைக்க ஒரு முகாந்திரமும் இல்லை. இருந்தாலும் டிக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "எங்க இறங்கணும்?" என்று கேட்டார்.

"அதுலயே போட்டிருக்கே சார். மரக்கடை ஸ்டாப்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் மனைவி இறங்கும் நிறுத்தம் அது. இன்றைக்கும் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தாள்.

அவர் டிக்கெட் பரிசோதகர். கூட்டத்தில் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்பதை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று டிப்போவில் அவருக்கு மோப்பக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். வெளியில் முறைத்துக்கொண்டாலும் உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான். வீட்டுக்குள் அந்த மூக்கு அவ்வளவாக வேலை செய்யாது என்பது வேறு கதை.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள். மகள் ஹாஸ்டலுக்குப் போனதும் வீடு வெறிச்சோடிவிட்டது. அவர் டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். அவள் சமையல் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தாள். தக்காளியை நசுங்காமல் அறுக்க வேண்டும் என்றாள். நியாயமான ஆசைதானே என்று விட்டுவிட்டார். பிறகு தீட்டுவதற்கென்றே ஒரு கல் வந்தது. அதைவிட மழுமழுப்பாக இன்னொரு கல் வந்தது. இரண்டும் குளியலறை வாளியில் ஊறிக்கொண்டு, அவர் குளிக்க இடமில்லாமல் செய்தன. அப்புறம் கத்திகள். ஒல்லியாக ஒன்று, பட்டையாக ஒன்று, துருப்பிடித்து யாரோ தூக்கி எறிந்ததை எடுத்துவந்து உயிர் கொடுத்தது ஒன்று. அவர் படித்து முடிக்கும் முன்பே செய்தித்தாளைக் கீற்றுக் கீற்றாக அரிந்து கூர் பார்த்தாள். துணி காயப்போடும்போதுகூட எஃகைப் பற்றியே பேசினாள். எந்தக் கோணத்தில் பிடித்தால் பிசிறு எந்தப் பக்கம் திரும்பும் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் ம் கொட்டிக்கொண்டே செய்தி பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே பைத்தியம் பிடித்தவர்கள் சிலர் ஒரு மரப்பட்டறையில் கூடுகிறார்கள், நானும் போகிறேன் என்றபோதும் அதே ம்தான்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் கத்தியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க கையைக் கொஞ்சம் கொடுங்க." சோப்பும் தண்ணீரும் இல்லாமல் ரோமத்தை மழித்தால்தான் உண்மையான கூராம். அவள் கையில் அதற்குத் தோதாக ரோமம் இல்லை. அவர் சட்டென்று கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

"இன்னிக்குக் கையைக் கேப்ப, நாளைக்குக் கழுத்தைக் கேப்ப. ஆளை விடு தாயே."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. ஆனால் கத்திகள் பாட்டுக்குக் கூராகிக்கொண்டுதான் இருந்தன. "இது இப்ப முடியைச் சிரைக்குது" என்று திருப்தியாகச் சொல்லி உறையில் போடுவாள். யாருடைய முடியை என்று கேட்க மோப்பக்காரருக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. இன்றைக்கு, ஆடுகிற பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் தோன்றியது.

மரக்கடை நிறுத்தத்தில் அந்த ஆள் இறங்கினான். கண்டக்டரிடம் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு அவரும் இறங்கினார். தெருவின் எதிர்ப்பக்கமாக, டிக்கெட் எடுக்காதவன் மாதிரி பதுங்கிப் பதுங்கி நடந்தார். நடக்க நடக்க ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன மாதம் அவள் புதுச் செருப்பு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் முணுமுணுவென்று ஏதோ பாடுகிறாள். போனை இப்போதெல்லாம் கவிழ்த்து வைக்கிறாள். முன்பு எப்படி வைப்பாள் என்று யோசித்துப் பார்த்தார், தெரியவில்லை. தெரியாததும் ஒரு சாட்சியம் போலவே பட்டது.

பட்டறையின் பின்கட்டில் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே நீண்ட மேஜை. சுற்றிலும் பல் டாக்டர் மாதிரி ஒருவர், ஓட்டல் சமையல்காரர் மாதிரி ஒருவர், நடுவயதுப் பெண்கள் இரண்டு பேர், அவர் மனைவி, அந்த ஆள். யாருக்கும் யார் மேலும் கண் இல்லை. எல்லாருக்கும் கல் மேல்தான் கண். கத்தி கல்லில் வழுக்கும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று திரும்பிப் போகக் கிளம்பினார்.

அப்போது அவள் கத்தியைத் துணியில் துடைத்தாள். திரும்பிப் பார்க்காமல் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். அந்த ஆள் சமையல்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சை நிறுத்தாமல், அவனும் திரும்பிப் பார்க்காமல், தன் முன்கையை எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் மழித்தாள். ஊதினாள். தலையை ஆட்டினாள். அவன் கையை எடுத்துக்கொண்டான். ஒரு டிக்கெட் கிழிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

கையும் களவுமாகப் பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. அவள் கேட்கவில்லை, அவன் கொடுத்தான். கேட்டும் கொடுக்காத கை அவருடையது.

சாயங்காலம் அவள் துணிச்சுருளைப் பிரித்துக் கத்திகளைச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தாள். அவர் டிவியைப் போடாமல் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"ஜன்னலோரமா நின்னீங்களே, உள்ள வந்திருக்கலாம்ல."

"ட்யூட்டில இருந்தேன்."

"மரப்பட்டறைல என்ன ட்யூட்டி? எங்கள்ல யாரு டிக்கெட் எடுக்கலையாம்?"

"அந்த ஆள் யாரு?"

"எந்த ஆளு?"

"கை."

"ஓ, அவரா. ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர். எங்க கூட்டத்துலயே அவருக்குத்தான் நல்ல முடி. அதனால எல்லாரும் அவர் கையிலதான் பாத்துக்குவோம்."

அவள் இயல்பாகத்தான் சொன்னாள். கண்கூடக் கத்தியை விட்டு நகரவில்லை. ஆனால் எல்லாரும் பார்க்கிற கை என்றால் அதில் ஒரே ஓர் இடம் ஏன் மழித்திருந்தது? மோப்பக்காரரின் மூக்கு விழித்துக்கொண்டது. கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அந்த ஆளின் இன்னொரு கை பேருந்துக் கம்பியைப் பிடித்திருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. அதில் எத்தனை வழுக்கை இருந்ததோ. கேட்டால் அவள் ஏதாவது சொல்வாள். அந்தப் பதிலையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அவர் சட்டைக்கைப் பொத்தானைக் கழற்றி, அதை மடித்துவிட்டு, முன்கையை மேஜை மேல் வைத்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தார். செய்யவில்லை.

"பயமா இல்லையா?"

"இருக்கு."

அவள் ஒல்லிக் கத்தியை எடுத்தாள். இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலை நாடியின் மேல் அழுத்தி, ஒரே திருப்பில் கையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். தயக்கமே இல்லாத பிடி. கல்யாணமான நாளிலிருந்து அவர் கையை அவள் இப்படிப் பிடித்ததில்லை. எங்கேயோ நன்றாகப் பழகி வந்த பிடி.

"அசையாதீங்க."

அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். சில்லென்று எஃகு தோலில் படிந்து மெல்ல மேலே ஏறியது. வலியே இல்லை. கத்தியின் மேல் ரோமங்கள் சின்னக் குவியலாகச் சேர்ந்தன. அவள் அதை ஊதிவிட்டு, கத்தியைக் கீழே வைத்தாள்.

மின்விசிறிக் காற்று அந்த ஓர் இடத்தில் மட்டும் தனியாகப் பட்டது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு தீப்பெட்டி அகலம். அதைச் சுற்றியிருந்த ரோமமெல்லாம் சிலிர்த்து நின்றது. அவள் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. கட்டைவிரல் நாடியின் மேலேயே இருந்தது.