தலைநகரம் வேண்டாம் என்றேன்

தங்கை குடும்பம் தலைநகரத்துக்கு வராமல் போனதற்கு நான்தான் காரணம். மனம் திருந்திப்போய் இதைச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அவள் பார்மசிஸ்ட். வீட்டில் அவளுக்கு மாத்திரை என்று பட்டப்பெயர். பெரிய மருத்துவமனையில் மருந்துப் பிரிவு முழுவதையும் கட்டி மேய்த்தவள். டாக்டர் எழுதிய அளவு தப்பாகப் பட்டால், எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். கம்பெனி அவரை இந்த நாட்டுக்கு மாற்றியபோது இரண்டு ஊர்களைச் சொல்லி, எது வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரச் சொன்னது. ஒன்று தலைநகரம், நான் பதினோரு வருடமாக இருக்கும் ஊர். இன்னொன்று ரயிலில் ஐந்து மணி நேரம் தள்ளி இருக்கும் சின்ன நகரம்.

மாத்திரை உடனே எனக்குப் போன் செய்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்க்கா வேணும். அங்க வந்தும் நான் பார்மசிஸ்டாவே இருக்கணும். எந்த ஊர்ல அது நடக்குமோ அங்க வர்றோம். நீ விசாரிச்சுச் சொல்லு."

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவள் விசாரித்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அப்பா பிரிட்ஜ் வாங்கியது என்னைக் கேட்டுத்தான். தங்கைக்கு இந்த மாப்பிள்ளையை முடித்ததும் என்னைக் கேட்டுத்தான். நான் சொன்ன பிறகு இன்னொரு இடத்தில் போய்க் கேட்டால் அது என் முகத்தில் கரி பூசுவது போல. அப்பா அப்படித்தான் எங்களை வளர்த்தார்.

விசாரித்தேன். லீவு போட்டுவிட்டு நேரிலேயே போனேன். பதிவு அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். வெளிநாட்டில் படித்தவர்கள் ஒரு வருடம் மருத்துவமனையில் பயிற்சி எடுக்க வேண்டும். அது தலைநகரத்தில் மட்டும்தான் நடக்கிறது. நாட்டுக்குள் வந்த இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும், தாண்டினால் அந்தப் பட்டம் இங்கே செல்லாது. விதிகள் அச்சடித்த தாளில் அந்த வரியின் கீழ் பேனாவால் கோடு கூடப் போட்டுக் கொடுத்தாள்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன். வேலை ஓட்டலில். சொந்த ஊரில் எல்லோரும் என்னை ஓட்டல் ஆபீசர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே வரவேற்பறையில், ஆள் உயரப் பூச்சாடி பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவைத்தான் எப்போதும் அனுப்புவேன். நான் உண்மையில் இருப்பது இரண்டு தளம் கீழே, சலவைப் பிரிவில். ஜன்னல் கிடையாது. ஈரப் படுக்கை விரிப்பின் இரண்டு முனையை நானும் இரண்டு முனையை இன்னொருத்தியும் பிடித்து, உதறி, இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் விடுவோம். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. முழங்கை வரைக்கும் சூடு பட்ட தழும்புகள் இருப்பதால் வீடியோ காலில் முழுக்கைச் சட்டைதான் போடுவேன்.

அன்றைக்கு முழுவதும் அவளைப் பற்றித்தான் யோசித்தேன். இதே ஊரில் அவள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அக்கா, உன் ஆபீசைக் காட்டேன்" என்பாள். வயிறு எரிந்தது. வேறு வார்த்தை போட்டு மழுப்ப எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை போன் செய்தேன்.

"தலைநகரம் வேணாம்டி. கூட்டம், வாடகை, நாய் படாத பாடு. சின்ன ஊர்லயும் அந்தப் பயிற்சி இருக்காம். ஆனா ஒண்ணு. ரெண்டு வருஷம் இங்க குடியிருந்த பிறகுதான் மனுப் போட விடுவானாம். அதுக்குள்ள நீ பாஷையைக் கத்துக்கோ."

பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "எதுக்கும் நாம ஒரு மெயில் போட்டுக் கேட்டுருவோமே."

"அக்கா நேர்லயே போய்க் கேட்டிருக்கா. அதுக்கு மேல என்ன மெயில்?" என்று அவரை அடக்கினாள் மாத்திரை.

சின்ன நகரத்துக்கே வந்தார்கள். பகலில் மாத்திரை குளிர்சாதனக் கிடங்கில் பழங்களைப் பெட்டியில் அடுக்கினாள். சாயங்காலம் பாஷை வகுப்பு. மருந்துப் பெயர்களையெல்லாம் இந்த நாட்டு எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். இரண்டு வருடம் முடிந்த மறுநாள், காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு மனுவை அனுப்பினாள். போனில் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அடுத்த ரயிலில் நான் போனேன்.

கடிதம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. சுற்றி வளைக்காமல் நாலே வரி எழுதியிருந்தார்கள். காலக்கெடு முடிந்துவிட்டது, மேல்முறையீடு கிடையாது. மாத்திரை அழுது முடித்திருந்தாள். குளிரில் வெடித்த விரல் நுனிகளில் பிளாஸ்திரி சுற்றியிருந்தாள். மாப்பிள்ளை எனக்குத் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை.

"அண்ணி, நீங்க எந்த ஆபீஸ்ல கேட்டீங்க? யாரு சொன்னது?"

 இதோ மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். மாத்திரை சட்டென்று எழுந்தாள்.

"என்ன கேள்வி இது? அக்கா கேட்டப்போ சட்டம் அப்படி இருந்திருக்கும். அப்புறம் மாத்தியிருப்பாங்க. எனக்காக லீவு போட்டு அலைஞ்சவங்களைப் போலீஸ் மாதிரி விசாரிக்கிறீங்க! வெளியில போங்க நீங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பெண்டாட்டி என்னை எப்படி நம்புகிறாள் என்பதும் அவருக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மாத்திரை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மனசுல வச்சுக்காதக்கா. அவருக்குக் கோபம். இனிமே நான் பார்மசிஸ்ட் இல்ல, அவ்வளவுதான். அந்தக் கிடங்குக்கு மட்டும் திரும்பப் போக முடியல. உன் ஓட்டல்ல ஏதாவது வேலை வாங்கித் தாயேன். தரை துடைக்கிறதா இருந்தாலும் சரி. உன் பக்கத்துலயாவது இருப்பேன்ல?"

அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

"உனக்கு அங்கெல்லாம் ஒத்து வராதுடி. படிச்சவங்களை எங்க மேனேஜர் எடுக்கவே மாட்டான். நானே கேட்டுப் பாத்துட்டேன்."

"கேட்டியா? எப்போ?"

"போன வருஷமே. கிடங்குல உன் கை வெடிக்க ஆரம்பிச்சப்பவே."

"எனக்காகப் போய் அவன்கிட்ட நின்னியா?" என்று மறுபடியும் அழ ஆரம்பித்தாள். என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.