வேலை போகவில்லை, விட்டுவிட்டேன்

நாற்பத்திரண்டு வயதில் வேலையை விடப்போவதாக லிஃப்ட் மெக்கானிக் போய்ச் சொன்னதும் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கம்பெனிக்காரன் கூப்பிட்டான்?" என்பதுதான்.

"யாரும் கூப்பிடலை சார். ரிட்டையர் ஆகுறேன்."

"உடம்புக்கு ஏதாவதா?"

"நல்லா இருக்கேன் சார்."

"லாட்டரி கீட்டரி விழுந்துச்சா?"

"அதெல்லாம் இல்லை. சேர்த்து வச்சது போதும்னு தோணுது."

முதலாளி அறுபதைத் தாண்டியவர். மூன்று கடன், இரண்டு கார், இருதயத்தில் ஒரு அடைப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, எதிரில் நிற்பவனை அன்றுதான் பார்ப்பதுபோல் பார்த்தார். கடைசி நாளன்று கேக் வெட்டினார்கள். மிச்சமிருந்த கேக்கை மெக்கானிக் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனான். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. கம்பெனியில் பிசினாறி என்றால் அது அவன்தான்.

அந்தப் பெயரை அவன் உழைத்துச் சம்பாதித்திருந்தான். தேய்ந்து காகிதமாகிப்போன சோப்பை எறியாமல் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவான். வேலைக்குச் சைக்கிள்தான். தலைமுடியை மனைவி வெட்டிவிடுவாள். அவள் கோபமாக இருக்கும் மாதங்களில் அது பின்னந்தலையில் தெரியும். வீட்டுக் கடனைச் சீக்கிரமே அடைத்துவிட்டான். மகள் படிப்புக்கென்று தனியாக ஒதுக்கியதை மட்டும் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். அவன் திட்டத்துக்கு அவள் சம்மதித்தபோதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"நீங்க ஓய்வெடுங்க, சந்தோஷம். என்னை இழுக்காதீங்க. எனக்கு என் கடை பிடிச்சிருக்கு. நாலு பேர் வர்றாங்க, போறாங்க, பேசுறாங்க. வீட்டுல உட்கார்ந்து உங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்க என்னால முடியாது."

முதல் சில வாரங்கள் சொர்க்கமாக இருந்தன. யார் எந்த மாடியில் மாட்டிக்கொண்டார்கள் என்று ஃபோன் வரவில்லை. காபியைச் சூடாக இருக்கும்போதே குடிக்க முடிந்தது. நூலகத்துக்குப் போய் ஓசியில் செய்தித்தாள் படித்தான். பிறகு கை சும்மா இருக்க மாட்டேனென்றது. சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினான். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டான். வீட்டில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாமல் போனது.

"அப்பா, நீங்க எப்போ வேலைக்குப் போவீங்க?" என்று மகள் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு, வாய் மட்டும் கல்லூரி. "ஃப்ரிட்ஜைத் திறந்தா பின்னாடியே வந்து நிக்கிறீங்க. பயமா இருக்கு."

"திறந்து வச்சுக்கிட்டே யோசிக்காதே, யோசிச்சுட்டுத் திறன்னுதானே சொல்றேன்."

"அதைத்தான் சொல்றேன். வேலைக்குப் போங்க."

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவனைவிட எட்டு வயது மூத்தவள், அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒரு செவ்வாய்க்கிழமை, மனைவிக்குக் கடை விடுமுறை என்று நினைத்து, அவளிடம் ஏதோ கேட்க வீட்டு ஃபோனுக்கு அடித்தாள். இவன் எடுத்துத் தொலைத்தான்.

"நீ எங்கேடா இந்நேரத்துல வீட்டுல?"

"வேலையை விட்டுட்டேன்க்கா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி. அழாதே. நான் வர்றேன்" என்று வைத்துவிட்டாள். அவன் அழவில்லை; தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் அரிசி, எண்ணெய், முட்டை எல்லாம் இரண்டு பைகளில் சுமந்துகொண்டு அக்கா வந்தாள். அவன் எவ்வளவோ விளக்கினான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டிய விதத்திலேயே ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை என்று தெரிந்தது.

"அண்ணி, நிஜமாவே அவராத்தான் விட்டார்" என்றாள் மனைவி.

"நீயும் நல்லா சமாளிக்கிறேம்மா. உன்னை மாதிரி பொண்டாட்டி கிடைக்க அவன் கொடுத்து வச்சிருக்கணும்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசிக்குள் குடும்பம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மெக்கானிக்குக் கம்பெனியில் கல்தா கொடுத்துவிட்டார்களாம், வெளியே சொல்ல வெட்கப்பட்டு ரிட்டையர்மென்ட் என்று சொல்கிறானாம். சித்தப்பா தன் பழைய சட்டைகள் ஆறேழு கொண்டுவந்தார். இரண்டில் பட்டன்கூட இருந்தது. பெரியம்மா மகன் கை குலுக்கும் சாக்கில் உள்ளங்கையில் ரூபாய் நோட்டைத் திணித்துவிட்டு, "சொல்லாதே, சொல்லாதே" என்று ஓடியே போனான். வருகிறவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்போல் குரலைத் தாழ்த்தினார்கள். தைத்துப் போட்ட செருப்பையும் சாயம்போன திரைச்சீலையையும் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அதே செருப்பும் அதே திரைச்சீலையும் பல வருடங்களாக அங்கேதான் இருந்தன. அப்போதெல்லாம் கஞ்சன் என்றார்கள், இப்போது பாவம் என்றார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவனுக்குச் சிரிப்பதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை. சட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டான். நல்ல துணி.

விஷயம் முற்றியது மாமாவால். மாமா என்றால் அக்காவின் கணவர். சரக்கு லாரிகளுக்கு டயர் விற்கிறவர், ஊரில் பாதிப் பேரைத் தெரிந்தவர். "மாப்ளே, ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் மேனேஜர்கிட்ட பேசிட்டேன். அங்கே லிஃப்டைப் பார்த்துக்க ஆள் வேணுமாம், வியாழக்கிழமை இன்டர்வியூ. உங்க அக்கா ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. போய் தலையைக் காட்டிட்டு வாங்க" என்றார்.

அக்கா சாப்பிடவில்லை என்றதும் வேறு பேச்சில்லை. சித்தப்பாவின் சட்டைகளிலேயே பட்டன் உள்ள ஒன்றைப் போட்டுக்கொண்டு போனான். உண்மையைச் சொன்னால் யாரும் வேலை தரமாட்டார்கள், திரும்பி வந்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

மேனேஜருக்கு ஐம்பது வயது இருக்கும். மேசையில் மூன்று ஃபோன், மூன்றும் மாறி மாறி அதிர்ந்துகொண்டிருந்தன. "முந்தின வேலையை ஏன் விட்டீங்க?" என்றார்.

"போதும்னு விட்டேன் சார். சேமிப்புல இருந்து வர்ற வருமானத்துல குடும்பம் ஓடும். மனைவி சம்பளத்தை அவங்க இஷ்டத்துக்கு விட்டுட்டேன். இங்கே வந்ததுகூட எங்க அக்கா சாப்பிடணும்னுதான். எனக்கு வேலை வேணாம்."

மேனேஜர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். மூன்று ஃபோன்களையும் இழுப்பறைக்குள் போட்டு மூடினார். நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துவந்து அவன் பக்கத்தில் போட்டார்.

"சொல்லுங்க. எவ்வளவு இருந்தா போதும்?"

"எவ்வளவு வச்சிருக்கீங்கங்கிறது இல்லை சார், எவ்வளவு செலவு பண்றீங்கங்கிறதுதான். உங்க வீட்டுல மாசம் என்ன ஆகும்?"

மேனேஜர் மேலே பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். மின்விசிறியைப் பார்த்தார். "அது என் மனைவிக்குத்தான் தெரியும். அவளுக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன்."

"அப்ப அங்கே இருந்துதான் ஆரம்பிக்கணும்."

"உங்களால எப்படி முடிஞ்சுது?"

மெக்கானிக் ஒவ்வொரு விரலாக மடக்கினான். "வீடு சின்னது. ஒரே பொண்ணு. யாருக்கும் பெரிய நோய் வரலை. இந்த மூணும் என் சாமர்த்தியம் இல்லை சார், அதிர்ஷ்டம். சோப்பை ஒட்டினது மட்டும்தான் நான்."

வெளியே காத்திருந்த இன்னொருவர் பொறுமையிழந்து போய்விட்டார். மேனேஜர் காபி வரவழைத்தார், பிறகு சாப்பாடு வரவழைத்தார். கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலை உங்களுக்குத்தான்" என்றார்.

"சார், நான் வேணாம்னுதானே..."

"அதனாலதான் தர்றேன். உள்ளே வர்றவன் எல்லாம் எனக்கு வேலைன்னா உயிருன்னு பொய் சொல்றான்."

மெக்கானிக் நன்றி சொல்லி மறுத்துவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா அப்போதுதான் தொழிற்சாலையிலிருந்து வந்து காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்திருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. வேணாம்னுட்டேன்."

அக்கா பக்கத்திலிருந்த துண்டைச் சுருட்டி அவன்மேல் எறிந்தாள். "உனக்குப் பைத்தியமாடா? வீட்டுல உட்கார்ந்து என்ன பண்ணப்போறே? அப்பா மாதிரி..." அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

அவர்கள் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. அச்சகம் மூடப்பட்டு அவருக்கு வேலை போனபோது மெக்கானிக்குக் கொஞ்ச வயது. தினமும் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், யாரோ கூப்பிட வரப்போகிறார்கள் என்பதுபோல். யாரும் வரவில்லை. பதினேழு வயது அக்கா படிப்பை நிறுத்திவிட்டு அட்டைப்பெட்டி மடிக்கப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

"ஒரு ஆம்பளை பகல்ல வீட்டுல இருந்தா எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகத்துக்கு வருதுடா" என்றாள் அக்கா மெதுவாக. "நீ என்ன சொன்னாலும் என் காதுல ஏறலை. நான் என்ன பண்ண?"

"நீ பையைத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போனதைப் பார்த்துத்தான்க்கா நான் சேர்க்கவே ஆரம்பிச்சேன். நம்ம வீட்டுல யாரும் இன்னொரு தடவை அப்படிப் போகக் கூடாதுன்னு. அப்பாவை வெளியே அனுப்பினாங்க. நானா வந்தேன். ரெண்டும் ஒண்ணு இல்லை."

அவன் ஃபோனில் தன் வங்கிக் கணக்கைத் திறந்து அவளிடம் நீட்டினான். மனைவிக்கு மட்டுமே காட்டியது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூஜ்யங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நம்பாமல் மறுபடி எண்ணினாள். பிறகு ஃபோனாலேயே அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

"படுபாவி! இவ்வளவை வச்சுக்கிட்டா என் முட்டையை வாங்கித் தின்னே?"

"நீதான் திரும்ப எடுத்துக்க மாட்டேன்னுட்டியே!"

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடிக்கையில் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் மெக்கானிக்குக் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த மழைக்கு வீட்டுக் கூரை ஒழுகியது. லேசாக இல்லை, கூடத்தில் வாளிகளைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. அதே மாதம் மகளின் பற்களுக்குக் கம்பி போட வேண்டுமென்று பல் டாக்டர் சொன்னார். மெக்கானிக் இரண்டு செலவையும் கூட்டி, தப்பாக இருக்குமோ என்று மறுபடியும் கூட்டினான்.

"கணக்குல எல்லாத்தையும் போட்டிருந்தேனே" என்றான்.

"கூரையைப் போட்டீங்க. அது ஒழுகும்னு போடலை" என்றாள் மனைவி. பிறகு, "நான் தர்றேன். ஆனா வருஷா வருஷம் ஏதாவது ஒண்ணு ஒழுகும்ங்க" என்றாள்.

அவன் காம்ப்ளெக்ஸ் மேனேஜருக்கு ஃபோன் செய்தான். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருவேன், அவசரமென்று வீட்டுக்குக் கூப்பிடக் கூடாது, பிடிக்காவிட்டால் நின்றுவிடுவேன் என்றான். மேனேஜர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். லிஃப்டுக்காக மட்டும் அவருக்கு அவன் தேவைப்படவில்லை. அவன் வரும் நாளெல்லாம் மதியம் பக்கத்தில் உட்கார்ந்து தன் வீட்டுச் செலவைப் பற்றிப் புலம்பினார். ஒரு ஃபோனை விற்றுவிட்டார் என்பது இதுவரை நடந்த முன்னேற்றம்.

தம்பிக்கு நல்ல இடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று அக்கா குடும்பம் முழுக்கச் சொல்லிவிட்டாள். தான் ரிட்டையர் ஆனவன்தான், அது கைச்செலவுக்கு என்று மெக்கானிக் சொல்லிக்கொள்கிறான். யாரை நம்புவது என்று தெரியாமல் சித்தப்பா சட்டை கொடுப்பதை நிறுத்தினார். ஃப்ரிட்ஜை நிம்மதியாகத் திறக்க இரண்டு நாள் கிடைத்ததே போதுமென்று மகள் சொன்னாள்.

அந்த வருடக் கடைசியில் ஒரு புதன்கிழமை, யாரும் எதிர்பார்க்காமல் அக்கா வந்து நின்றாள். தொழிற்சாலையில் லீவு போட்டிருந்தாள். காய்ச்சல் இல்லை, கல்யாணம் இல்லை, சும்மா போட்ட லீவு. வாழ்க்கையில் இதுவே முதல் தடவை என்றாள். வந்ததும் விளக்குமாற்றைத் தேடினாள். அவன் பிடுங்கி வைத்தான். காய்ந்த துணியை மடிக்கப் போனாள், ஏற்கெனவே மடித்திருந்தது.

"இப்ப நான் என்னடா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். உட்காரு."

"எவ்வளவு நேரம்?"

"உனக்குப் போதும்னு தோணுற வரைக்கும்."

சோபாவின் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல் உட்கார்ந்தாள். இதென்ன பிழைப்பு, எனக்குச் சரிப்பட்டு வராது, முதுகு வலிக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே மெல்லச் சாய்ந்தாள். அவன் தேநீர் போட்டு எடுத்து வருவதற்குள், வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு போர்வையை எடுத்து அவள் காலில் போட்டுவிட்டு, இரண்டு தேநீரையும் தானே குடித்தான். ஊற்றிவிட மனம் வரவில்லை.

அக்காவின் ஃபோன் அடித்தது. மாமாதான். எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான்.

"உங்க அக்கா இருக்காளா?"

"இருக்காங்க மாமா. ஆனா இப்ப பேச முடியாது" என்றான் மெக்கானிக், குரலைத் தாழ்த்தி. "வேலையா இருக்காங்க."