பாலிந்தின் ட்ரில்

என் கணவன் பாலிந்த் பியானோ வாசிக்கும்போது முனகுவான். புடாபெஸ்ட் முழுவதற்கும் அது தெரியும். இசைத்தட்டிலும் அந்த முனகல் கேட்கும்; ரசிகர்கள் அதற்கும் சேர்த்துத்தான் அவனைக் கொண்டாடுகிறார்கள். நான் முனகினால் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்பார்கள்.

இசைக் கல்லூரியில் நாங்கள் ஒரே வகுப்பு. அங்கே முதலிடம் எனக்கு. வெளியே வந்ததும் மேடை அவனுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து இசைத்தாள் புரட்டும் வேலை எனக்கு. கைதட்டல் எழும்போது தாள் புரட்டுகிறவள் எழுந்து வணங்கக் கூடாது; அது எங்கள் வழக்கம். நான் தாள்களை அடுக்குவதுபோல் குனிந்துகொள்வேன். வயிறு எரியும்.

அவன் சொனாட்டா என்ற நீண்ட பியானோ உருப்படி ஒன்றைப் பதிவு செய்தபோது அதிலிருந்த ட்ரில் அவனை மடக்கிவிட்டது. ட்ரில் என்றால் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை மாறி மாறிப் படபடவென்று தட்டுவது. இது இடது கைக் கோடியில், தூரத்து இடி மாதிரி மெல்லக் கேட்க வேண்டும். அவனுடைய நான்காவது விரல் தடுக்கித் தடுக்கி விழுந்தது. காலை முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, வியர்த்துப்போய் என்னைப் பார்த்தான்.

"நீ ஒரு தடவ வாசிச்சிடேன், பிரோஷ்கா. யெனோ ஒட்டிடுவான்."

யெனோ ஒலிப்பதிவாளன். ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி, நன்றாக வந்த இடங்களை மட்டும் சேர்த்து ஒட்டுவது அவனுக்குத் தினசரி வேலை. அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் எல்லாம் ஒரே ஆளின் கையாக இருக்கும். இன்னொருத்தியின் கையை அவன் அதுவரை ஒட்டியதில்லை.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு இது பிடிக்கல," என்றான் யெனோ.

ஒரே தடவைதான் வாசித்தேன். என் பெயர் வரப்போவதில்லை என்பதால் பயமும் இல்லை.

தட்டு வெளிவந்தது. ஒரு விமர்சகர் எழுதினார்: 'அந்த ட்ரில்லில் மட்டும் பாலிந்தின் முனகல் நின்றுபோகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு வாசிக்கிறார். இது பக்தி.' அதற்குப் பிறகு விருந்துக்குப் போன இடமெல்லாம் அதே பேச்சு. முதலில் பாலிந்த் நெளிந்தான். போகப்போக, "அது தானா வருது," என்று சொல்லப் பழகிவிட்டான். நான் என் முன்னால் இருந்த கோழித் தொடையை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தேன்.

போன வசந்தத்தில் எனக்கும் அழைப்பு வந்தது. இசைத்தட்டு நிறுவனத்தின் இயக்குநர் கெலெமென் முன்னால் அதே சொனாட்டாவை வாசித்துக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் என் பெயரில் ஒரு தட்டு. தலை நரைக்கத் தொடங்கிய பிறகு என் முதல் தட்டு. துணைக்கென்று பாலிந்தும் வந்தான்.

வாசித்து முடித்தேன். கெலெமென் தாடையைத் தடவினார்.

"பிரமாதம். ஆனா அந்த ட்ரில் அப்படியே உங்க வீட்டுக்காரரோடது. வெளியிட்டா ஊர் சிரிக்கும். அத மட்டும் வேற மாதிரி வாசிச்சீங்கன்னா, பதிவு வெச்சுக்கலாம்."

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் யெனோ தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினான். நான் பாலிந்தைப் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பரவாயில்ல சார்," என்றான் பாலிந்த். "ஒரே வீட்ல இருக்கோம், ஒட்டிக்கத்தான் செய்யும். நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல."

மன்னிக்கிறானாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கையை விட்டு எழுந்தேன்.

"மாத்திடறேன். அதுக்கு முன்னாடி உன்னோடது எப்படின்னு ஒரு தடவ வாசிச்சுக் காட்டு. அப்பதானே எதுலேர்ந்து மாத்தணும்னு எனக்குத் தெரியும்."

"இப்பவா? கை விறைச்சுக் கிடக்கு."

"வந்ததுலேர்ந்து கோட்டுப் பையிலதானே வெச்சிருக்க. சூடாத்தான் இருக்கும்."

"வாங்க பாலிந்த், எங்களுக்குக் கசக்குமா," என்று கெலெமென் சிரித்துக்கொண்டே இருக்கையைக் காட்டினார்.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். வழக்கம்போல் முனகிக்கொண்டு வாசித்தான். ட்ரில் வந்ததும் விரல் தடுக்கியது. முனகல் நிற்கவில்லை, பயத்தில் இன்னும் உரக்கவே வந்தது.

கெலெமெனின் சிரிப்பு அடங்கிவிட்டது. கண்ணாடிச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். யெனோ இன்னும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க எதையும் மாத்த வேணாம்," என்றார் என்னிடம்.

இலையுதிர் காலத்தில் என் தட்டு வந்தது. அட்டையில் என் பெயர், என் படம். பாலிந்த் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் இரண்டு தட்டுகளையும் எடுத்து, அந்த ட்ரில்லை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். இத்தனை நாள் அவன்மேல் எரிந்த வயிறு அன்றைக்கு வேறு ஒருத்திமேல் எரிந்தது. என் தட்டில் விரல்கள் ஜாக்கிரதையாக இருக்கின்றன. பாலிந்தின் தட்டில்தான் நான் நன்றாக வாசித்திருக்கிறேன்.