அறுப்பு நாள்

“இந்த வருஷம் அறுப்பு நாளைச் சின்னவ சொல்லட்டும்” என்றாள் மாமியார். அரிவாள் தீட்டிக்கொண்டிருந்த பெரிய மருமகள் நிறுத்தவில்லை. இன்னும் வேகமாகத் தீட்டினாள்.

“ஏன் அத்தை, எனக்கென்ன கேடு?”

“கேடு ஒண்ணும் இல்ல. அவ சொல்லட்டுமே.”

லாவெண்டர் தோட்டம் யார் பேரில் இருந்தால் என்ன? கதிரை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து, ‘அறுக்கலாம்’ என்று சொல்கிறவர்தான் அந்தக் குடும்பத்துக்குத் தலை. முப்பது வருஷமாக மாமியார் சொன்னாள். பதினெட்டு வருஷமாக, கதிரை அவிக்கும் ஆவிக் கொப்பரை பக்கத்தில் வெந்து எண்ணெய் இறக்கும் பெரியவள், அடுத்தது தான்தான் என்றிருந்தாள். இப்போது, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஓரகத்தி நோகாமல் ஏறி உட்காரப் பார்க்கிறாள்!

சின்னவள் கதிரைக் கசக்கிக் கண்ணை மூடினாள். “இன்னும் நாலு நாள் போகட்டும்க்கா.”

“கண்ணை வேற மூடிக்கறா. என்ன நடிப்பு!” என்று பெரியவள் கணவனிடம் பொருமினாள்.

“அவ மூக்கு அப்படி.”

“ஆமா, அவ மூக்கு தங்கத்துல வார்த்தது. என் மூக்கு கண்ணாடி மாட்டறதுக்கு!”

மறுநாள் பனி காய்ந்ததும் மேல் தோட்டத்தில் ஆறு வரிசையைப் பெரியவளே அறுத்தாள். எண்ணெயும் இறக்கினாள். மாமியார் சத்தம் போடவில்லை.

“சரி, சின்னவளும் அவ சொன்ன நாள்ல அறுக்கட்டும். ரெண்டு எண்ணெயையும் வியாபாரி முகர்ந்து சொல்லட்டும். யாரோடது நல்லதோ, இனிமே அவதான் நாள் சொல்லணும்.”

வியாபாரி வருகிற நாளும் வந்தது. எண்ணெய் அறை மேஜையில் ரெண்டு புட்டி, ஒன்றில் ‘பெரியவள்’, ஒன்றில் ‘சின்னவள்’ என்று சீட்டு. பெரியவள் கதவைச் சாத்திக்கொண்டு ரெண்டு சீட்டையும் உரித்தாள். மாற்றி ஒட்ட எவ்வளவு நேரமாகும்? அதற்குள் வாசலில் காலடிச் சத்தம். சட்டென்று புட்டிகளைத் தகர டப்பாவுக்குப் பின்னால் தள்ளினாள். சத்தம் அடுத்த அறைக்குப் போனது. வெளியே எடுத்துப் பார்த்தால், எது யாருடையது? ரெண்டும் ஒரே வெளிர் மஞ்சள்.

முகர்ந்தால் தெரியாதா என்ன? ஒரு மூடியைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. அடுத்ததைத் திறந்தாள். அதிலும் ஒன்றும் இல்லை. தண்ணீரை முகர்ந்தது போல் இருந்தது. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி முகர்ந்தாள்.

“அக்கா, சீட்டு எங்க?” சின்னவள் கதவருகே நின்றிருந்தாள். சீட்டு ரெண்டும் பெரியவளின் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தன.

“கழண்டு விழுந்துடுச்சு. எது உன்னோடதுன்னு நீயே சொல்லேன். உன்னோடதுதான் பெரிய மூக்காச்சே!”

“உங்க இடது கையில இருக்கறது உங்களோடது. முந்தியே அறுத்ததால பச்சைப் புல் வாசம் இங்க வரைக்கும் அடிக்குது.”

பெரியவள் இடது கைப் புட்டியை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள்; அப்போதும் ஒன்றும் இல்லை. கதவருகே நின்றே சொல்கிறாளே!

“எனக்கு வாசம் தெரியலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

சின்னவள் தயங்கினாள். “அத்தைதான் சொன்னாங்க. போன வருஷம் கொப்பரை அடிப்பிடிச்சுத் தீயற வாசம் வீடு வரைக்கும் வந்துச்சாம். நீங்க பக்கத்துலயே நின்னு பேசிக்கிட்டு இருந்தீங்களாம்.”

“ஊரெல்லாம் சொல்லியாச்சா?”

“யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னாங்க. உங்ககிட்டயும்தான்.”

வெளியே வியாபாரியின் வண்டி வந்து நின்றது. பெரியவள் விரலிலிருந்த சீட்டுகளை எடுத்து நீட்டினாள்.

“ஒட்டு. எதுல எதுவோ அதுல ஒட்டு.”

சின்னவள் ஒட்டினாள்.

“அந்தக் கண்ணை மூடறதை மட்டும் விட்டுடு. பாக்கச் சகிக்கலை.”

“கண்ணைத் திறந்திருந்தா எனக்குப் பிடிபடாதுக்கா.”

“எல்லாத்துக்கும் ஒரு சாக்கு. போ, எடுத்துக் குடு.”

அவள் புட்டிகளோடு போன பிறகு, பெரியவள் கூடையிலிருந்து ஒரு கதிரை எடுத்துக் கசக்கினாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகர்ந்தாள்.

வெளியே வியாபாரி சின்னவளைப் புகழ்வது மட்டும் நன்றாகக் கேட்டது.