அண்ணிக்குக் காட்டிய பாடம்

மேலாளர் அறை பெஞ்சில் அண்ணியும் நாத்தனாரும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியின் வலது கை மணிக்கட்டு வரை கட்டுக்குள் இருந்தது. உள்ளே மூன்று விரல்கள் இல்லை. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்து இஸ்திரி போடும் அந்தக் கம்பெனியில் அண்ணிக்கு உருளை மெஷினில் வேலை, நாத்தனாருக்குத் துணி மடிக்கிற வேலை. விபத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்றால்தான் அண்ணிக்கு வைத்தியமும் பிழைப்பும். இல்லையென்றால் நடுத்தெருதான்.

எல்லாம் வாசலில் வைத்த கம்ப்யூட்டர் திரையால் வந்த வினை. வேலைக்கு நுழையும் ஒவ்வொருவரும் அதன்முன் நின்று பாதுகாப்புப் பாடம் பார்க்கவேண்டும். ஆளுக்குத் தகுந்தாற்போல் படம், குரல், பாட்டு எல்லாவற்றையும் அதுவே கோத்துக் கொடுக்கும். தயங்கி நிற்பவர்களுக்கு நீட்டி முழக்கும். 'தெரியும்' என்ற பொத்தானைச் சட்டென்று அமுக்குபவர்களுக்குச் சுருக்கிவிடும். வரிசை நகராவிட்டால் சூப்பர்வைசர் காட்டுக்கத்தல் கத்துவான், அமுக்கு அமுக்கு என்று விரட்டுவான். முதலில் அமுக்குகிறவள் அண்ணிதான். அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுவான், பாவி. விரல்களைப் பறித்த அந்தப் புது உருளை மெஷின் வந்த அன்று தயங்கியவர்களுக்கெல்லாம் பாடம் நீளமாக ஓடியது. கெட்டிக்காரி அண்ணிக்கு ஒரு படம், ஒரு பாட்டு, அவ்வளவுதான்.

"பாடம் பாத்தாச்சுன்னு சிஸ்டத்துல இருக்கேம்மா. கம்பெனி என்ன பண்ணும்?" என்றார் மேலாளர்.

நாத்தனார் பெஞ்சிலிருந்து எழுந்தாள். "அன்னிக்கு எங்க அண்ணிக்கு என்ன காட்டுச்சோ, அதைக் காட்டுங்க சார்."

அதெல்லாம் சேமித்து வைப்பதில்லையாம். ஆளுக்கு ஆள் அந்த நிமிஷமே செய்து அந்த நிமிஷமே அழித்துவிடுமாம். இருப்பது முழுப்பாடம் ஒன்றுதான், இதிலிருந்துதான் எடுத்துக் காட்டியிருக்கும் என்று சொல்லி, மேஜைத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"எதை விட்டுட்டுக் காட்டுச்சுன்னு கேக்கறேன்," என்றாள் நாத்தனார். அவர் காதில் வாங்காமல் படத்தை ஓடவிட்டார்.

படத்தில் ஒரு பொம்மைப் பெண் உருளைக்குள் துணியைத் தள்ளினாள். துணியோடு கையும் இழுபட்டது. அவள் பதறவில்லை. கீழே இருந்த சிவப்புக் கம்பியை முழங்காலால் இடித்தாள். உருளை நின்றது. கையை வெளியே எடுத்து, ஐந்து விரலையும் விரித்துக் காட்டிச் சிரித்தாள்.

தினமும் அந்தக் கம்பியை ஒட்டித்தான் அண்ணி நின்றிருக்கிறாள். அது எதற்கு என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

மேலாளர் படத்தை நிறுத்தப் போனார்.

"இன்னொரு தடவை போடுங்க சார்," என்றாள் அண்ணி.