பிள்ளையார் முன்னால் ஒரு கார் நிற்கும் இடம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. ராஜையனின் தூக்குப் பாத்திரத்திலிருந்து எடுத்தது. பழவங்காடியில் நடைபாதைக்குக் கல் பதிக்கிற வேலையில் அவர் கொத்தனார், நான் சாந்து குழைக்கிறவன். மதியம் அவர் மூடியைத் திறந்தார். உள்ளே நான்கு எலுமிச்சம்பழம். சோறு இல்லை.

"வீட்டுக்காரி கோவத்துல இருக்கா," என்றார்.

"கோவம்னா உப்புதான் கூடும், அண்ணே. இது வேற என்னமோ."

2

‘ஓர் அழகிய காலைப் பொழுதில்’ என்று தொடங்கிப் பார்த்தேன். வேண்டாம். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். அழகிய காலையைத் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வரிசையாக வண்டி போன தெருவில் இனி இரண்டு வரிசைதான். மிச்ச இடம் நடக்கிறவர்களுக்கு. நல்ல காரியம், நாங்களும் நடக்கிறவர்கள்தான். ஆனால் புதுக் கார் வாங்கியவர்கள் அதை இங்குள்ள கோவில் பிள்ளையார் முன்னால் நிறுத்தித் தேங்காய் உடைப்பார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அந்தப் பழம் விற்பவள்தான் ராஜையன் மனைவி ஜெயஷீலா.

(ஞாயிற்றுக்கிழமை அவள் கிறிஸ்தவ சபையில் முதல் வரிசை. மற்ற ஆறு நாளும் பிள்ளையார் சோறு போடுகிறார். இது கற்பனை என்றால் இன்னும் நம்பும்படி செய்திருப்பேன்.)

நடைபாதைக் கல் உயர்ந்தால் கார் நிற்க முடியாது. கல்லை உயர்த்துகிறவர் புருஷன்.

"ஊருக்கெல்லாம் நடக்க வழி போடுதீரு. எனக்க பிழைப்பு எது வழியா போவும்?" என்று கேட்டாளாம்.

3

ராஜையன் நல்ல மனிதர், ஆகவே அவர்... இந்த வாக்கியத்தைப் பாதியில் விடுகிறேன். அது இனிமேல்தான் தெரிய வேண்டும்.

சக்கர நாற்காலி ஏற, கோவிலுக்கு எதிரே கல் வைக்காமல் ஒரு சரிவு விடச் சொல்லியிருந்தார்கள். ராஜையன் விட்டார். கொஞ்சம் தாராளமாக. ஒரு கார் ஏறும் அளவுக்கு. மலையாளி எஞ்சினியர் பிரஜின் வந்து பார்த்தார்.

"ராஜையா, இது எந்தா?"

"சக்கர நாற்காலிக்கு, சாரே."

"இத்தர அகலமோ? நாற்காலி என்ன, குடும்பத்தோட வருமோ?"

"விசேஷ நாள்ல கூட்டமா வருவாவ, சாரே."

"நாற்காலிக்கு விட்டு, பாக்கி கல்லு வெச்சு அடைக்கணும். இன்னைக்கே. இல்லெங்கில் நாளைக்கு வேலைக்கு வரண்டா."

4

முடிவுக்குச் சில யோசனைகள்.

பிரஜின் சாரே புதுக் கார் வாங்கிப் பூஜைக்கு வந்து நிற்கிறார். அடித்துவிட்டேன். அவர் பஸ்ஸில் வருகிறவர். சொல்வதை நம்பவும் செய்கிற அதிகாரியை வைத்துக் கதை எழுதுவது பெரும்பாடு.

ஜெயஷீலா, நடந்து போகிறவர்களுக்கு எலுமிச்சம்பழச் சாறு விற்று முன்னேறுகிறாள். இதை அவளிடமே சொன்னேன்.

"கொழுந்தனாரே, டெய்லி நூறு கிளாசு நீரு குடிப்பீரா?"

அதையும் அடித்தேன்.

5

மிச்சம் இருப்பது இப்போது நடப்பதுதான். விட்ட இடைவெளியில் ஜெயஷீலா கூடையை வைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

"எந்திரி பிள்ளே," என்கிறார் ராஜையன்.

"கல்லு வச்சாத்தான நடைபாதை? இப்பம் இது ரோடு. நீரு உம்ம சோலியப் பாரும்."

மாலை போட்ட புதுக் கார் ஒன்று திரும்புவதற்கு விளக்குப் போட்டு நிற்கிறது. அதன் பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. எதிர்ப்பக்கத்தில் பிரஜின் சார் குடையோடு நிற்கிறார்.

"சாந்து இறுகுது, தண்ணி விடுடே," என்கிறார் ராஜையன். ஏற்கெனவே இரண்டு தடவை விட்டாயிற்று. இன்னும் விட்டால் கல் நிற்காது.

கல்லை வயிற்றோடு அணைத்தபடி அவர் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். வைக்கட்டுமா, கீழே இறக்கட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள். கல் கனம்.