கதவைப் பார்க்க வேண்டிய முகம்

தாழ்ப்பாள் இடிபட்ட சத்தம் கேட்டதும், ஃபவாஸின் உடம்பு அவனைக் கேட்காமலே சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது. மண்டியிட்டு, நெற்றியைச் சுவரில் ஒட்டி, இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டான். அவன் மட்டுமல்ல. கைதிகளாக உட்காரவைத்திருந்த இருபது துணை நடிகர்களில் பதினொரு பேர் அப்படித்தான் திரும்பியிருந்தார்கள்.

"கட்" என்றார் இயக்குநர் இயாத். "யாருப்பா உங்களைச் சுவரைப் பாக்கச் சொன்னது? கேமரா கதவுப் பக்கம் இருக்கு. எனக்கு மூஞ்சி வேணும், முதுகு வேணாம்."

அந்தப் பதினொரு பேரும் நிஜச் சிறையில் கிடந்தவர்கள். அங்கே கதவு திறக்கும்போது காவலன் முகத்தைப் பார்த்தவன் பல சமயம் மறுநாள் இருப்பதில்லை. ஆட்சி கவிழ்ந்து சிறைகள் திறந்துவிடப்பட்டு ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. டமாஸ்கஸ் ஓரத்தில் மூடிக்கிடந்த நூல் ஆலைக்குள் பிளைவுட்டால் கட்டிய அறை இது என்று மூளைக்குத் தெரியும். முழங்காலுக்குத்தான் தெரியவில்லை.

ஆனால் ஃபவாஸுக்கு இந்தக் காட்சி வேண்டும். அவனுடைய தம்பி கியாஸைப் பத்தொன்பது வயதில் அவர்கள் ஊரான ஜோபரில் வைத்துப் பிடித்துப்போனார்கள். அதன் பிறகு காகிதமும் இல்லை, உடலும் இல்லை, கண்டேன் என்று சொல்ல ஓர் ஆளும் இல்லை. ரமலான் மாதத்தில் நோன்பு திறந்ததும் நாடு முழுக்க வீட்டுக்கு வீடு இந்தத் தொலைக்காட்சித் தொடரைத்தான் பார்க்கிறார்கள். ஃபவாஸ் கதாசிரியரிடம் கெஞ்சி ஒரே ஒரு வரி வாங்கியிருந்தான். ஜெயிலர் பட்டியலோடு வந்து பெயர் கேட்பான். கதவுப் பக்கம் முகம் காட்டி எழுந்து, "கியாஸ், ரத்வான் மகன், ஜோபர்" என்று ஃபவாஸ் சொல்ல வேண்டும். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மூக்கு, ஒரே புருவம். கியாஸோடு ஒரு நாளாவது அடைபட்டுக் கிடந்தவன் எங்கேயாவது உயிரோடு இருந்தால், பெயரும் முகமும் சேர்ந்து வரும்போது அவனுக்கு விளங்காமல் போகாது.

இரண்டாவது முறை எடுத்தார்கள். தாழ்ப்பாள் இடித்தது. பதினொரு முதுகுகள்.

"உள்ள இருந்தப்ப இவ்வளவு நல்லா லைட் போடல உஸ்தாத். அதான் கண்ணு கூசுது" என்றார் அபூ ஷாஹிர். பதினெட்டு வருஷம் உள்ளே இருந்தவர். சிலர் சிரித்தார்கள். இயாத் சிரிக்கவில்லை. இந்தப் பகுதி நாளை மறுநாள் ஒளிபரப்பாக வேண்டும். முன்பகுதிகள் ஓடிக்கொண்டிருக்க, பின்பகுதிகளை இன்னும் எடுத்து முடிக்காத தொடர் அது. நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்குக்குள் ஆலையைக் காலி செய்துவிடுவதாக வேறு வாக்குக் கொடுத்திருந்தார்.

"இன்னும் ஒரு தடவைதான். அப்பவும் திரும்புனீங்கன்னா அந்த வரியைத் தூக்கிடுவேன். ஜெயிலர் பட்டியலை மட்டும் காட்டி வெட்டிக்கிறேன்."

"இந்தத் தடவை பாத்துடறேன் உஸ்தாத்" என்றான் ஃபவாஸ். சொன்ன வாய் அவனுடையது. முழங்கால்கள் இன்னும் சுவர்ப்பக்கமே திரும்பியிருந்தன.

ஜெயிலராக நடித்த நஸீர் சல்லூம் அறைக்குள் வந்தார். முப்பது வருஷமாகக் கெட்டவன் வேஷம் போட்டவர். காய்கறி வாங்கப் போனால் கிழவிகள் இன்றும் அவரைத் திட்டுவார்கள். சீருடையைக் கண்டதும் ஃபவாஸின் பார்வை பூட்ஸுக்குத் தாழ்ந்தது. நஸீர் அதைக் கவனித்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

"யாரோட பேர் தம்பி அது?"

"என் தம்பி."

நஸீர் தொப்பியைத் தரையில் வைத்தார். பிறகு இயக்குநரைப் பார்த்து, "தாழ்ப்பாள் சத்தத்தை எடிட்டிங்ல போட்டுக்கலாமே" என்றார்.

"நிஜச் சத்தம் இருந்தாத்தானே நிஜ பயம் வரும்."

"பயம் வந்துருச்சே இயாத். அது போகத்தான் இப்ப வழி வேணும். இந்த ஒரு தடவை கதவை என்கிட்ட விட்டுடு."

இயாத் கடிகாரத்தைப் பார்த்தார். கையை மட்டும் அசைத்தார்.

நஸீர் வெளியே போனார். விளக்குகள் எரிந்தன. "ஆக்‌ஷன்" என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அந்த அமைதி சத்தத்தைவிடக் கொடுமையாக இருந்தது. ஃபவாஸின் பிடரி விறைத்தது. தோள்கள் தாமாகவே சுவரை நோக்கித் திருகத் தொடங்கின. கைகள் கண்ணுக்கு உயர்ந்தன.

அப்போது கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "யா அல்லாஹ்... யா அல்லாஹ்..."

அடுத்த வீட்டுப் படியேறும் ஆண்பிள்ளை, உள்ளே இருக்கும் பெண்கள் தலையை மூடிக்கொள்ளட்டும் என்று நின்று கொடுக்கும் குரல் அது. வருகிறேன், வரலாமா என்று அர்த்தம். எந்தக் காவலனும் எந்தக் காலத்திலும் அப்படிக் கேட்டு உள்ளே வந்ததில்லை.

"வாங்க, வாங்க" என்று முணுமுணுத்தார் அபூ ஷாஹிர். "வீட்ல பொம்பளைங்க யாரும் இல்லை."

யாரோ மூக்கால் சிரித்தான். இயாத் "கட்" சொல்லவில்லை. கதவு மெதுவாகத் திறந்தது. ஃபவாஸின் கைகள் கன்னம்வரை வந்து நின்றன. பிறகு இறங்கின. அவன் கதவைப் பார்த்தான். அங்கே தடித்த மீசை வைத்த, நோன்பால் உதடு வறண்ட ஒரு மனிதர் நின்றிருந்தார்.

"பேர்?" என்று அதட்டினார் அந்த மனிதர், எழுதியிருந்தபடியே.

ஃபவாஸ் எழுந்து நின்றான். "கியாஸ். ரத்வான் மகன். ஜோபர்."

"கட்" என்றார் இயாத். குரல் தணிந்திருந்தது. "கிளோஸ்-அப்புக்கு இன்னொரு தடவை வேணும். முடியுமா?"

"எத்தனை தடவை வேணும்னாலும், உஸ்தாத்."

நான்கு முறை எடுத்தார்கள். நான்கு முறையும் நஸீர் வெளியே நின்று அனுமதி கேட்டுவிட்டே உள்ளே வந்தார்.

அந்தப் பகுதி ஒளிபரப்பான மறுநாள் மதியம் முழுக்க ஃபவாஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். அஸர் தொழுகை முடிந்து வந்தபோது அது அடித்தது. ஹமா நகரத்திலிருந்து ஒரு பெண். தொடர் எடுக்கும் கம்பெனியில் எண் வாங்கியதாகச் சொன்னாள்.

"கியாஸைத் தெரியுமாம்மா உங்களுக்கு?" அவன் முந்திக்கொண்டு கேட்டான்.

"இல்லை மகனே. தெரியாது. நீ நெசமாவே உள்ள இருந்தவன்னு சொன்னாங்க. எம் புள்ளையும் உள்ளதான் போனான். ஒருவேளை நீ பாத்திருப்பியோன்னு..."

ஃபவாஸ் கண்ணை மூடினான். இல்லை என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பேர் சொல்லுங்கம்மா."

சொன்னாள். அவனுக்குத் தெரியாத பெயர். எந்த வருஷம், என்ன உயரம், முகத்தில் தழும்பு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மின்சாரக் கட்டண ரசீதின் பின்னால் எழுதினான். "படத்துல நடிச்சவங்கள்ல நெசமாவே உள்ள இருந்தவங்க என்னோட சேத்துப் பதினொரு பேர்ம்மா. எல்லார்கிட்டயும் கேட்டுட்டுச் சொல்றேன்."

அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தான்.

"உன் தம்பி படம் ஒண்ணு அனுப்பு" என்றாள் அவள். "வெள்ளிக்கிழமை எங்க ஊர்த் தாய்மாருங்க கூடுவோம். நான் எல்லார்கிட்டயும் காட்டறேன்."

அடுப்பில் பருப்புச் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்த அவன் அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றாள். "யாருடா? தம்பியைப் பாத்தவங்களா?"

"இல்லம்மா" என்றான் ஃபவாஸ், போனில் கியாஸின் படத்தைத் தேடியபடி. "நம்ம மாதிரி ஒருத்தங்க."